முடியாதவற்றின் பட்டியல் மட்டும் போதுமா?

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் இருப்பதாக உளவியல் அறிக்கை வந்ததும், பிள்ளையால் எதெல்லாம் முடியாது என்றே பெற்றோர் தேடிப் படிக்கின்றனர். வேலை தேடும் வயதில் அந்தப் பட்டியல் உதவாது என்பது என் கருத்து.

2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், மதியிறுக்கத்தைக் காரணங்காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்க வகைசெய்கிறது. 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. தேக்காவின் சிறு கடைகள் பலவும் அதில் அடங்கும். சட்டம் பொருந்தும் இடத்திலும், எந்த வேலை ஒருவருக்கு ஒத்துவரும் என்பதை அவரை அறிந்தவர்களே சொல்ல முடியும்.

2004ல் தொடங்கிய பாத்லைட் பள்ளி அதற்கு வழிகாட்டுகிறது. ஓவியத் திறனுள்ள மாணவர்களை அடையாளம் கண்டு 2011 முதல் பயிற்சி அளிக்கிறது. அவர்களின் ஓவியங்கள் பைகளிலும் கோப்பைகளிலும் அச்சாகி விற்பனையாகின்றன. வரைந்தவருக்கு உரிமைத்தொகையும் கிடைக்கிறது.

எல்லாரும் ஓவியராக வேண்டியதில்லை. பொருள்களை வரிசை பிசகாமல் அடுக்கும் இளையர், கூட்டமில்லாத காலை நேரத்தில் மளிகைக் கடையின் இருப்பைச் சரிபார்க்கலாம். இரைச்சல் தாங்காத அவருக்குத் தீபாவளிச் சந்தை கடினமாகவே இருக்கும். திறனைப் பேசும்போது இந்தச் சிரமத்தையும் மறைக்கக்கூடாது.

2030க்குள் வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. அடுத்த முறை உளவியல் நிபுணரைச் சந்திக்கும்போது பெற்றோர் இதைக் கேட்கட்டும்: “என் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது? எந்தச் சூழலில் வருகிறது?” பதிலை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.