திரையும் வாய் திறக்கட்டும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து உறவுகளுக்கு,

சிட்னியிலிருந்து எழுதுகிறேன். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. ஒவ்வொரு வெடிவிபத்திலும் இறந்தவர்களை எண்ணுகிறோம், நிவாரணம் கேட்கிறோம். உயிர் தப்பியும் பார்வையைப் பறிகொடுத்தவர்கள் அதன்பிறகு எப்படிப் பிழைக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

என் சித்தப்பா மகன் மணி, பட்டாசு ஆலையில் மருந்து உராய்ந்து வெடித்ததில் இரண்டு கண்ணையும் இழந்தவன். ஊருக்கு வந்திருந்தபோது அவன் போன் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போட்டுவிட்டால் விரல் படுகிற இடத்தில் உள்ளதைப் போன் படித்துச் சொல்லும். வாட்ஸ்அப்பில் தடங்கலே இல்லை. வங்கியின் செயலியைத் திறந்தான். "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது பணம் அனுப்ப, எது இருப்புப் பார்க்க? செயலியைச் செய்தவர்கள் பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அடுத்து, படத்தில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்தை டைப் செய்யச் சொன்னது. கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பைப் புதுப்பிக்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, ரகசிய எண்ணையும் அவனிடமே சொல்லித்தான் பணம் அனுப்ப முடிந்தது. ஆலையில் சம்பாதித்து வீட்டை நடத்தியவன், தன் கணக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

இதைத் தலையெழுத்து என்று விட்டுவிடக் கூடாது. சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசானாலும் தனியாரானாலும் சேவை தருகிறவர்கள், மாற்றுத்திறனாளிகளும் அதைப் பயன்படுத்துவதற்கான அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது செல்லாது, கட்டாய விதிகளாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கண் சிமிட்டச் சொல்லும் அந்தக் கேமராவும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் இருவரின் மனுக்களிலும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார்கள். 20 உத்தரவுகள் பிறப்பித்தார்கள். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், காகிதத்தில் கேஒய்சி செய்யும் வசதி தொடர வேண்டும் என்பவையும் அதில் உண்டு.

நான் வாழும் ஊரிலும் இது கேட்டுப் பெற்ற உரிமைதான். 2000-இல் நடந்த சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பே, அதன் ஏற்பாட்டுக் குழுவின் இணையதளத்தைப் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர் புகார் கொடுத்தார். படங்களுக்கு விளக்கம் இல்லை என்பது புகாரில் முக்கியமானது. சரிசெய்யப் பெருஞ்செலவாகும் என்று குழு வாதாடியது. மனித உரிமை ஆணையம் அதை ஏற்காமல், 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

படத்துக்கு விளக்கம் என்றதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வருகிறது. தீப்பெட்டி லேபிள், காலண்டர், டைரி என்று நாடு முழுவதற்கும் படம் அச்சடித்துக் கொடுத்தவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகள் அதே ஊரில் இணையதளம் வடிவமைக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் கொடுங்கள். விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபை அப்படியே ஏற்றினால் திரைவாசிப்பானால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. சோதித்துப் பார்க்க, கணினிக்கான என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. தளத்தை வெளியிடும் முன் பார்வையற்ற ஒருவரை அதைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த வேலைக்குக் கூலியும் கொடுங்கள்.

குடும்பத்தாருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் ஒன்று சொல்வேன். எந்தச் செயலி, எந்தத் தேதி, எந்த இடத்தில் நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையை வீடியோ பதிவு செய்யுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள். தமிழில் எழுதினாலே போதும். நகலை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுங்கள்.

ஆலை முதலாளிகளே, காயப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடாது. பார்வை போனவருக்குத் திரைவாசிப்பானில் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். அலுவலகத்தில் போனிலும் கணினியிலும் செய்யும் வேலைகளில் அவரை அமர்த்துங்கள். உழைத்துப் பழகியவர்கள் அவர்கள். இரக்கத்தை அல்ல, தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் வழியைத்தான் கேட்கிறார்கள். அந்த வழியைச் சட்டம் திறந்துவிட்டது. புகார் எழுத வேண்டியது நாம்தான்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
சிட்னி, ஆஸ்திரேலியா