இழந்ததை மீட்கத் துடிக்கும் மனம்

ஐப்பசித் திங்களில் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் தீமிதித் திருவிழா நடைபெறும்போதெல்லாம், திரௌபதி அம்மனின் வரலாறு பக்தர்கள் நெஞ்சில் நிழலாடுகின்றது. அவ்வன்னையின் துயரம் பகடைக் காய்களில் தொடங்கியது. தருமர் செல்வத்தை இழந்தார், நாட்டை இழந்தார், தம்பியரையும் தம்மையும் இழந்தார். அப்போதும் அவர் ஆட்டத்தை நிறுத்தினாரில்லை. திரௌபதியைப் பணயம் வைத்து வென்றால் தம்மையே மீட்டுக் கொள்ளலாம் எனச் சகுனி ஆசை காட்டினான், அவரும் இணங்கினார். அறத்தின் வடிவானவரை வீழ்த்தியது, இழந்ததை எப்படியும் மீட்டுவிட வேண்டும் என்ற துடிப்பே எனலாம்.

இத்துடிப்பை அறிவியல் அளந்து காட்டியுள்ளது. உளவியல் அறிஞர்களான டேனியல் கானமன், ஏமஸ் துவர்ஸ்கி ஆகிய இருவரும் 1979ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உறுதியாகக் கிடைக்கும் 3,000 வேண்டுமா, அல்லது 4,000 கிடைப்பதற்கு நூற்றுக்கு 80 பங்கு வாய்ப்பு வேண்டுமா என வினவியபோது, நூற்றுக்கு 80 பேர் உறுதியானதையே விரும்பினர். அதே தொகைகளை இழப்பாக மாற்றி வினவியபோதோ நிலைமை தலைகீழாயிற்று. 3,000ஐ இழந்து அத்துடன் விலக இசைந்தவர் நூற்றுக்கு எண்மரே. எஞ்சிய 92 பேரும் 4,000ஐ இழக்கும் அபாயத்தைத் துணிந்து ஏற்றனர். பெறுங்கால் அஞ்சும் மனம் இழக்குங்கால் துணிந்துவிடுகின்றது. ஒரு தொகையை இழக்கும் வலி, அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியினும் ஏறத்தாழ இரு மடங்கு என்றும் அவர்கள் பின்னர்க் கணித்தனர்.

மூளையின் இயல்பும் இதற்குத் துணைபோகின்றது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞரின் ஆய்வில், குரங்குகளுக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் கிளர்ந்தெழுந்தன. முன்னறிவிப்புக்குப் பின் சாறு வரும் எனப் பழகியதும், அவை முன்னறிவிப்புக்கே கிளர்ந்தன. எதிர்பார்த்த சாறு வராதபோது அவற்றின் துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே மூளை கணக்கிடுகின்றது. என்று வரும் எனத் தெரியாத பரிசு மனத்தை விடாது ஈர்ப்பதன் காரணம் இதுவே. மயிரிழையில் தவறிய ஆட்டமும், வெற்றியால் தூண்டப்படும் மூளைப் பகுதிகளைத் தூண்டுவதாக 2009ஆம் ஆண்டில் லூக் கிளார்க் குழுவினர் கண்டனர். நான்கு இலக்கங்களில் ஒன்று மட்டும் தவறியவர், அடுத்த குலுக்கலுக்கும் வரிசையில் நிற்பது ஏன் என்பது இதனால் ஒருவாறு விளங்கும்.

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டில் இரு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டபோது, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. 2019இல் அது 150 வெள்ளியாயிற்று. வாசலில் நிற்பவரைச் சிந்திக்க வைக்கும் நல்ல ஏற்பாடே அது. ஆயினும் வாசலைக் கடந்தவருக்கு அக்கட்டணமே முதல் இழப்பாகிவிடுகின்றது. அதனை மீட்ட பின்னரே திரும்ப வேண்டும் என மனம் அடம்பிடிக்கின்றது.

ஆகவே, தடுப்பணை ஆட்டத்திற்கு முன்பே, மனம் தெளிந்திருக்கும் வேளையில் எழுப்பப்பட வேண்டும். தம்மை உள்ளே அனுமதிக்க வேண்டாம் எனத் தாமே விண்ணப்பிக்கவும், குடும்பத்தினர் விண்ணப்பிக்கவும் சிங்கப்பூரில் வழியுண்டு. ஆனால் ஊரார் என்ன சொல்வார்களோ என அஞ்சி, வட்டிக்கடன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை வாய்திறவாதிருக்கும் குடும்பங்கள் உண்டு. விண்ணப்பம் செய்வது குடும்பத்திற்கு இழுக்கன்று, அது கடமை. அன்று அச்சபையில் பெரியோர் பலர் மௌனம் காத்தனர். அம்மௌனத்தின் விலையைக் கொடுத்தவள் திரௌபதி.