வாழைப்பழத்துக்குப் பேர் இருக்கு, அந்தப் பெரியவருக்கு?

2023-இல் ஆஸ்திரேலிய அரசின் நாணயச் சாலை பத்து ஒரு டாலர் நாணயங்களை வெளியிட்டது. அவற்றில் இருப்பது தலைவர்கள் அல்ல, போராளிகளும் அல்ல. நெடுஞ்சாலையில் போகிற காரை நிறுத்த வைக்கும் ராட்சத பொம்மைகள். காஃப்ஸ் ஹார்பர் ஊரின் பெரிய வாழைப்பழம், கிங்ஸ்டன் ஊரின் பெரிய சிங்கி இறால், இன்னும் கோலா கரடி என்று வரிசை. சேகரிப்பாளர்கள் பத்தையும் தேடிச் சேர்த்தார்கள்.

வாழைப்பழத்துக்கு நாணயமா என்று சிரிக்கலாம், தப்பில்லை. கடைக்கு ஆள் வரணும் என்பதற்காக 1964-இல் கட்டி வைத்த சிமெண்ட் பழம் அது, 13 மீட்டர் நீளம். சிங்கி இறால் 1979-இல் வந்தது, 17 மீட்டர் உயரம். அதற்கு லாரி என்று செல்லப்பேர்கூட வைத்திருக்கிறார்கள். விளம்பரப் பலகையாகப் பிறந்தவை அறுபது வருஷத்துக்குள் 'தேசிய நினைவு' ஆகிவிட்டன. 2007-இலேயே தபால்தலையும் போட்டாச்சு.

உழைக்கும் மக்கள் குடும்பத்தோடு போய் நின்று போட்டோ பிடித்த இடங்கள்தானே, அதற்கும் ஒரு நினைவு வேண்டாமா என்று கேட்கும் தோழர் உண்டு. வேண்டும்தான். நம் கேள்வி வேறே. பொம்மைக்குப் பேரும் ஊரும் சொல்லி நாணயம் அடிக்கிற அதே அரசு, தன் இரண்டு டாலர் நாணயத்தில் என்ன செய்து வைத்திருக்கிறது?

வெள்ளையர் குடியேறி 200 வருஷம் ஆனதைக் கொண்டாடிய 1988-இல் அந்த நாணயம் வந்தது. தாடி வைத்த ஒரு பழங்குடிப் பெரியவரின் முகம், மேலே தென்சிலுவை விண்மீன்கள், பக்கத்தில் புல்மரம். ஹார்ஸ்ட் ஹானே வடிவமைத்தது. முகம் இருக்கு, பேர் இல்லை. யார் இவர் என்றால், குறிப்பிட்ட ஆள் யாருமில்லை, பழங்குடி மூத்தோரின் பொதுவான உருவம் என்பதுதான் நாணயச் சாலையின் விளக்கம்.

ஆனால் அந்த முகத்துக்கு மூலமாகப் பரவலாகச் சொல்லப்படுகிறவர் ஒருவர் உண்டு: மத்திய ஆஸ்திரேலியாவின் குவோயா ஜுங்குராயி. 1928-இல் கோனிஸ்டனில் போலீஸ்காரர் ஜார்ஜ் மரே தலைமையில் போன கும்பல் பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றது. அரசுக் கணக்கில் 31 பேர். அதைவிடப் பலமடங்கு என்பது அந்த மக்கள் சொல்லும் கணக்கு. விசாரணை நடத்தி, சுட்டது நியாயமே என்று எழுதி முடித்தார்கள். போலீஸ் மன்னிப்புக் கேட்க 2018 ஆகிவிட்டது. அந்தக் கொலைக்களத்திலிருந்து தப்பியவர் குவோயா.

1935-இல் ஒரு சுற்றுலா இதழுக்காக அவரைப் படம் பிடித்தார்கள். 1950-இல் அந்த முகம் தபால்தலை ஆனது. அதிலும் பேர் இல்லை. வெள்ளையர் அவரைக் கூப்பிட்டது 'ஒரு பவுண்டு ஜிம்மி' என்று. தான் செய்த பொருளுக்கு விலை கேட்டால் ஒரு பவுண்டு என்பாராம், அதனால் அந்தப் பேர். விலையையே ஒரு மனுசனுக்குப் பேராக்கினான். பிறகு அந்த முகத்தையே விலையாக்கினான், இரண்டு டாலர்! பேரைக் கேட்காமலே கூப்பிடுகிற தெருக்களில் வளர்ந்த நமக்கு இந்த அரசியலை விளக்கணுமா என்ன?

பழங்குடி மக்களை நாணயத்தில் மதித்ததே இல்லையா என்றால், உண்டு. 1995-இல் இருந்து ஐம்பது டாலர் தாளில் டேவிட் யுனைப்பன் இருக்கிறார், பேரோடு. எடி மாபோவின் நிலவுரிமைத் தீர்ப்புக்கு 25 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2017-இல் வந்த ஐம்பது காசு நாணயத்தை அவருடைய பேத்தியே வடிவமைத்தார். 2019-இல் 14 பழங்குடி மொழிகளில் 'பணம்' என்ற சொல்லைப் பொறித்து ஒரு நாணயம் வந்தது. ஆக, பேரைப் பொறிக்கத் தெரியாதவர்கள் இல்லை, இடம் இல்லாமலும் இல்லை. மாபோவை நினைத்தால் நிலம் யாருடையது என்ற கேள்வி வரும். கோனிஸ்டனை நினைத்தால் ரத்தம் வரும். சிமெண்ட் வாழைப்பழம் எதையும் கேட்காது. அது நிற்கிற மண் கும்பாயங்கிர் மக்களுடையது என்பதையும் அது சொல்லாது. அரசுக்குப் பிடித்த நினைவு அப்படிப்பட்டதுதான்.

பொம்மை நாணயங்கள் வந்த அதே 2023, அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பழங்குடி மக்களுக்கு ஒரு குரல் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. முகம் வேணும், குரல் வேண்டாம்!

வழி இல்லாமல் இல்லை. வடக்குப் பிரதேசத்தில் ஸ்டூவர்ட் என்ற வெள்ளை ஆய்வுப் பயணியின் பேரில் இருந்த தொகுதி, 2020 தேர்தலிலிருந்து குவோயாவின் பேரைத் தாங்குகிறது. அங்கே முடிந்தது நாணயத்தில் முடியாதா? அவருடைய வழிவந்தவர்கள் சம்மதித்தால், அந்த முகத்துக்குக் கீழே அவர் பேர் வரட்டும். வாழைப்பழ நாணயம் சேகரிப்பாளரின் ஆல்பத்தில் தூங்கும். இரண்டு டாலர் தினமும் கை மாறுகிறது. பேர் பொறிக்க வேண்டிய இடம் அதுதான்.