வகுப்பறைச் சுவருக்குள் கரையும் துணைத் திட்ட நிதி

திருத்தணியில் ஊர்த் தெய்வத்தின் பெயரைத் தாங்கி ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இயங்கி வருகிறது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களின் கூலித் தொழிலாளர், நெசவாளர் குடும்பங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு எட்டக்கூடிய உயர்கல்வி இத்தகைய அரசுக் கல்லூரிகளே. இங்கு புதிய வகுப்பறைகள் எழுந்தால் வரவேற்காதவர் யார்? ஆயினும், அச்செலவு அரசின் கணக்கேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது என்ற கேள்வியையும் நாம் எழுப்பியாக வேண்டும்.

2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு பெருந்தலைவர் காமராசர் கல்லூரி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அரசு பொறியியல், பாலிடெக்னிக், கலை அறிவியல் கல்லூரிகளின் கட்டமைப்புக்கு 5 ஆண்டுகளில் ₹1,000 கோடி என்பதே அதன் அளவு. 2024 பிப்ரவரியில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு அதன் மூலம் சட்ட வடிவம் கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. கட்டடத்துக்கான நிதியும் துணைத் திட்டத்துக்கான நிதியும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அரசுக் கணக்கியலில் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டச் செலவைக் குறிக்கும் சிறுதலைப்பு 789, பழங்குடியினருக்கு 796. எந்தத் துறையின் செலவுத் தலைப்பின் கீழும் இவற்றைத் திறக்க முடியும். கல்விக்கான மூலதனச் செலவைக் குறிக்கும் 4202-க்கும் இது பொருந்தும். ஒரு கல்லூரிக்கு ₹10 கோடியில் வகுப்பறைத் தொகுதி கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ₹2 கோடியை 789-இன் கீழ் எழுதிவிட்டால், ஏட்டளவில் தலித் மக்களுக்கு ₹2 கோடி சேர்ந்துவிடும். ஆனால் இம்முறை இல்லாவிட்டாலும் அந்தக் கட்டடம் பொது நிதியில் எழுந்திருக்கும். தலித் மாணவரும் அதில் அமர்ந்திருப்பார். அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது எதுவுமில்லை. பொது நிதிக்குத்தான் ₹2 கோடி மிச்சம்.

தலித் மாணவர்களும் பயன்படுத்தும் கட்டடத்தில் ஒரு பங்கை அவர்களுக்கான செலவாகக் கணக்கிட்டால் என்ன தவறு என்று சிலர் கேட்கக்கூடும். பொதுச் சாலையில் நடப்பதும் பொது வகுப்பறையில் அமர்வதும் குடிமக்கள் என்ற முறையில் அவர்களுக்குள்ள உரிமை. துணைத் திட்டமோ நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டதை ஈடுசெய்வதற்காக, அந்த உரிமைக்கு மேல் தரப்பட வேண்டியது. முன்னதைப் பின்னதன் கணக்கில் எழுதுவது, தர வேண்டிய கூலியைக் கொடுத்துவிட்டு அதையே கடனாக எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இது வெறும் ஊகமன்று. கர்நாடகத்தின் 2013 சட்டத்தில் 7(டி) என்றொரு பிரிவு இருந்தது. பிரித்தறிய இயலாத கட்டமைப்புப் பணிகளின் செலவில் ஒரு பகுதியைத் துணைத் திட்டச் செலவாகக் 'கருதிக்கொள்ள' அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. தலித் இயக்கங்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின்னர், 2023-இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் அந்நிதியிலிருந்து ₹11,000 கோடிக்கு மேல் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு வாயிலை அடைத்தால் நிதி மறு வாயிலில் வெளியேறும். திருத்தணியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஆந்திரம் நமக்கு 11 ஆண்டுகள் முன்னதாக, 2013-இலேயே சட்டம் இயற்றியது. 10 ஆண்டுகளுக்கென வரையறுக்கப்பட்ட அச்சட்டத்துக்கு 2023-இல் நீட்டிப்புத் தேவைப்பட்டது. சட்டம் வந்த பின்னும் கண்காணிப்பு ஓயக்கூடாது என்பதே அண்டை மாநிலங்கள் தரும் பாடம்.

அவ்வாறெனில், துணைத் திட்டத்தின் மூலதன நிதி கல்வி வளாகத்தில் எங்குச் செல்ல வேண்டும்? முதல் விடை விடுதி. பேருந்து வசதி குறைந்த சிற்றூரிலிருந்து வரும் மாணவிக்கு, இருக்கை கிடைப்பது பாதிக் கல்வி. தங்குமிடம் கிடைப்பது மறுபாதி. இங்கே நிர்வாகப் பிளவு குறுக்கிடுகிறது. வகுப்பறை, உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 20-இல் வருகிறது. விடுதி, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் எண் 4-இல் வருகிறது. அத்துறைக்கான கட்டுமானங்களைத் தாட்கோ மேற்கொள்கிறது. கல்லூரியில் இடங்கள் கூடும்போது விடுதியிலும் இடங்கள் கூட வேண்டும் என்று இரு துறைகளையும் பிணைக்கும் ஒரே திட்ட ஆவணம் தேவை. 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டப்பட்டது. அப்பெயருக்கேற்ற கட்டில், கழிப்பறை, குடிநீர், நூலகம் ஆகியவற்றுக்கான மூலதனமும், ஆண்டுதோறும் பராமரிப்புக்கான வருவாய்ச் செலவும் உறுதிசெய்யப்பட்டால்தான் அது பொருள்பெறும்.

மாணவர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6-இன் கீழ் ₹10 கட்டணத்தில் தங்கள் கல்லூரியைப் பற்றி நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட கட்டடங்களின் அரசாணை நகல்கள் எவை? ஒவ்வொன்றின் செலவும் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டது? அதில் 789, 796-இன் கீழ் எவ்வளவு? அதே காலத்தில் விடுதி இடங்கள் எத்தனை கூடின? 30 நாள்களில் பதில் அளிப்பது அலுவலரின் சட்டக் கடமை.

இக்கேள்விகள் கட்டடம் வேண்டாம் என்பதற்காக அல்ல. வகுப்பறையைப் பொது நிதியில் கட்டுங்கள். எங்கள் நிதியில் எங்களுக்கு இதுவரை மறுக்கப்பட்டதைக் கட்டுங்கள். சட்டத்தின் உயிர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.