சாயம் பிடிக்காத கிருமி!

கோழிப் பண்ணைக்கும் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீர்கள். இருக்கிறது. கோழி, மீன் போன்ற உணவுப் பிராணிகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் கொலிஸ்டின் என்ற மருந்து கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளியில் நிறைய. அவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, அந்தத் தடை சரி என்பதே என் கருத்து.

காரணத்தை நம்ம ஊர்த் தொழிலான சாயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1884-ல் டென்மார்க் டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாவுக்கு ஊதாச் சாயம் ஏற்றி ஆல்கஹாலில் அலசும் முறையை வெளியிட்டார். சிலவற்றில் சாயம் நின்றது, அவை கிராம் நேர். சிலவற்றில் வெளுத்துப் போனது, அவை கிராம் எதிர். இது ரெண்டு மார்க் கேள்வியோடு முடிகிற சமாச்சாரம் இல்லை!

வெளுத்துப் போகிற ஜாதிக்குச் செல்சுவர் மெல்லிசு. ஆனால் அதற்கு மேல் வெளிச்சவ்வு என்று இன்னொரு சட்டை போட்டிருக்கிறது. அதன் வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகள். எல்லாம் எதிர் மின்சுமை உள்ளவை, ஒன்றையொன்று தள்ளும். அவற்றைச் சேர்த்துத் தைத்து வைப்பது மக்னீசியமும் கால்சியமும். போர் தண்ணி பிடித்த பக்கெட்டில் வெள்ளையாகப் படியுமே, அதில் இருக்கிற அதே சங்கதிதான். இந்தத் தையல் உள்ளவரை சவ்வு கெட்டி. சின்னச் சின்னப் புரதத் துளைகள் வழியே சிறிய மூலக்கூறுகள்தான் நுழையும். வான்கோமைசின் மாதிரிப் பெரிய மருந்து வாசலிலேயே நின்றுவிடும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா எல்லாம் இந்த ஜாதி.

கொலிஸ்டின் துளையைத் தேடுவதில்லை. அதற்கு நேர் மின்சுமை. நேராகப் போய்ச் சவ்வில் ஒட்டி, மக்னீசியத்தையும் கால்சியத்தையும் தள்ளிவிட்டுத் தையலைப் பிரித்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஓரம் கட்டப்பட்ட மருந்து இது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்காக டாக்டர்கள் திரும்ப எடுத்திருக்கிறார்கள்.

கிருமி சும்மா இருக்குமா? எம்.சி.ஆர்-1 என்ற ஜீனைப் பற்றி 2015-ல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. பன்றிகளில் இருந்த ஈ.கோலையில் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் சவ்வின் எதிர் மின்சுமையைக் குறைத்துவிடும். பிறகு மருந்து எப்படி ஒட்டும்? சாயப்பட்டறை அண்ணன்மாருக்கு இது சட்டென்று புரியும். பருத்திக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் தண்ணீரில் ஒரே எதிர் மின்சுமை, அதனால் உப்புப் போடாமல் சாயம் சரியாக ஏறாது. சுமை பொருந்தாவிட்டால் ஒட்டாது, அவ்வளவுதாங்க.

இதைவிட மோசம், அந்த ஜீன் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. வகுப்பில் நோட்ஸ் கைமாறுகிற மாதிரி ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும், வேற ஜாதியாக இருந்தாலும் சரி. கோழிக் குடலில் இருந்து எருவுக்கு, எருவில் இருந்து காடு தோட்டத்துக்கு, அங்கிருந்து நம்மிடம் வர எவ்வளவு நேரம் ஆகும்?

பண்ணைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. "குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்குது, நாங்க வளர்ப்புக் கூலிதான் வாங்கறோம், மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். சரியான கேள்விதான். பழியை அவர்கள் தலையில் போடக் கூடாது. கலந்திருக்கும் மருந்துகளின் பெயரை மூட்டை மேல் தமிழில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும். பனியனுக்குப் பனியன் லேபிள் தைக்கிற ஊர், ஒரு மூட்டைக்கு லேபிள் கேட்கக் கூடாதா?

நோய் வந்த கோழிக்கு வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கால்நடை டாக்டர் பார்த்து எழுதட்டும். எடை ஏறுவதற்காக நல்ல கோழிக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்தக் கொஞ்சத்தில் சாகாமல் தப்பிக்கிற கிருமிதான் பெருகும்.

பல்லடம் பஸ்ஸில் வருகிற நண்பர்களே, உங்கள் பண்ணைத் தீவன மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள். அடுத்த சுவரிதழில் அதையே எழுதுகிறேன்.

- பிளஸ் ஒன் மாணவி, அறிவியல் பிரிவு