தாழ்வு என்ற சொல்லும் திருப்பதி வெள்ளமும்

2021 நவம்பர் 18 அன்று வங்கக் கடலில் இருந்தது புயல் அல்ல. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தமிழில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், தெலுங்கில் வாயுகுண்டம், அவ்வளவுதான். மறுநாள் விடியுமுன் அது புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது. ஆனால் கரையிலிருந்து தள்ளி இருக்கும் திருப்பதியில் தெருவெல்லாம் வெள்ளம். திருமலை மலைப்பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன. ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி சிதைந்து பல மாதங்கள் மூடிக் கிடந்தது. வழக்கமாக மணல் மட்டுமே தெரியும் சுவர்ணமுகி ஆற்றில் வெள்ளம் புரண்டது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதும் கீழ்ப்புறத்துக் கிராமங்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

‘புயல் இல்லையாம், வெறும் தாழ்வு மண்டலம்தானாம்’ என்று மக்கள் ஆறுதல் அடைவதை வானிலைத் துறையில் இருக்கும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த ஆறுதலுக்கு இடம் கொடுத்தவர்கள் நாம்தான் என்பது என் கருத்து.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசை காற்றின் வேகத்தை அளக்கும் வரிசை. மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல். மழையின் அளவு இந்த வரிசையில் எங்குமே கிடையாது. கேட்பவரோ இதை ஆபத்தின் ஏணியாக எடுத்துக்கொள்கிறார். கீழ்ப்படி என்றால் மழையும் குறைவு என்று நினைக்கிறார். ஆனால் திருமலை இருக்கும் சேஷாசலம் மலையில் மழை கொட்டப் புயல் வேகம் தேவையில்லை. கடலிலிருந்து தொடர்ந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதினால் போதும். அது மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், நீராவி திரண்டு அங்கேயே கொட்டும். காற்று நிற்காத வரை மழையும் நிற்காது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பலர் வீட்டில் தமிழ் பேசி, தெலுங்கில் செய்தி கேட்பவர்கள். இரண்டு மொழிச் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் குறை தெரிகிறது. தெலுங்கில் தாழ்வுப் பகுதியைக் குறிக்கும் அல்பபீடனம் வேறு, தாழ்வு மண்டலத்தைக் குறிக்கும் வாயுகுண்டம் வேறு. காதில் விழுந்ததுமே நிலை மாறிவிட்டது என்று புரியும். தமிழில் ‘பகுதி’ என்பது ‘மண்டலம்’ ஆகிறது. அந்த ஒரு சொல்லை வானொலியில் தவறவிட்டால் எல்லாமே போயிற்று. வேறோர் இடத்தில் தெலுங்கு தடுமாறுகிறது. தரைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் நிகழும் காற்றுச் சுழற்சியை அங்கே உபரிதல ஆவர்த்தனம் என்கிறார்கள். உபரிதலம் என்றால் மேற்பரப்பு என்றுதான் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். நம் ‘மேலடுக்கு சுழற்சி’யும் வானத்தின் உச்சியில் எங்கோ நடப்பதைப் போல ஒலிக்கிறது.

உண்மையான மேலடுக்கை அளக்கும் கருவி இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 1024 யாகி ஆன்டெனாக்களோடு 1990களின் தொடக்கத்திலிருந்து காற்றைக் கவனித்து வருகிறது. இடைமண்டலம் வரை அதன் பார்வை எட்டும். காற்று பக்கவாட்டில் எப்படி ஓடுகிறது என்பதோடு, மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் அது அளக்கிறது. திருமலைச் சரிவில் மழையைத் தீர்மானிப்பதும் இந்த ஏற்றம்தான். அந்த அறிவு பக்கத்துக் கிராமத்துக்குப் புரியும் சொல்லாக இன்னும் மாறவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மழைச் சொற்களுக்கும் விளக்கம் தேவை. கனமழை 64.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, மிக கனமழை 115.6இல்; 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. எல்லாம் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு. அந்த மழை நாள் முழுதும் பரவிப் பெய்ததா, மூன்று மணி நேரத்தில் கொட்டியதா என்பதை இந்தச் சொற்கள் சொல்வதில்லை. முன்னது தெலுங்கு மக்கள் முசுரு என்றும் நாம் அடைமழை என்றும் சொல்வது, ஏரிக்கு நல்லது. பின்னது கரையை உடைப்பது. ‘ஓரிரு இடங்களில்’ என்பதும் அப்படித்தான். மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரை என்பது அதன் பொருள். லேசான மழை என்பதல்ல. அந்த ஓர் இடம் மலையாக இருந்தால்? ஒரு சதுர கிலோமீட்டரில் 200 மில்லிமீட்டர் பெய்தால் 20 கோடி லிட்டர் தண்ணீர். அத்தனையும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

அறிக்கை எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குமுன் உங்கள் அறிக்கை வடிவத்தைத் திறந்து பாருங்கள். காற்றுக்கு ஒரு வாக்கியம், மழைக்குத் தனியாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். மழை வாக்கியத்தை முதலில் வையுங்கள். ‘இது புயல் அல்ல’ என்று எழுத நேர்ந்தால், எத்தனை மில்லிமீட்டர் மழை எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லாமல் அந்த வரியை முடிக்காதீர்கள்.