வெளிச்சம் அவர்களுக்கு, சாம்பல் நமக்கா?

சென்னை நகரத்தின் வடகோடியில் இருக்கிறது எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஒரு பக்கம் கடல்; மறு பக்கம் உப்பங்கழி. அந்தக் கழியில் வலை வீசிப் பிழைக்கும் மீனவர்கள், தண்ணீரில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், உப்பளத்தில் உழைத்தவர்கள் எல்லோரும் நம்மைப் போன்ற பாட்டாளிகளே. இன்று அந்தக் கழியில் பல இடங்களில் காலை வைத்தால் சேறு தட்டுப்படுவதில்லை. நிலக்கரிச் சாம்பல்தான் தட்டுப்படுகிறது.

யார் கொட்டிய சாம்பல் இது? யார் வீட்டு விளக்கை எரித்த சாம்பல்? இந்தக் கேள்வியை எண்ணூர் மீனவர்கள் மட்டும் கேட்டால் போதாது. மில்லில் தறி ஓட்டுகிறவரும் கேட்க வேண்டும். வயலில் நாற்று நடுகிறவரும் கேட்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லுகிறோம்.

சாம்பல் வந்த கதை

1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது; 2017இல் மூடப்பட்டது. ஒன்று மூடுவதற்குள் வேறு நிலையங்கள் எழும்பிவிட்டன. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், இரண்டு கட்டங்களும் சேர்ந்து 1,830 மெகாவாட். வல்லூரில் 1,500 மெகாவாட். 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் கட்டம் இன்னும் 800 மெகாவாட். கூட்டிப் பாருங்கள்: 4,130 மெகாவாட்! இவை போதாவென்று பக்கத்து மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, ரசாயன ஆலைகள். கரையோரத்தில் இரண்டு துறைமுகங்கள். இத்தனையும் ஒரே ஆற்று முகத்தில்!

நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலை நீரோடு கலந்து, குழாய் வழியாகக் கழியைக் கடத்திச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வெடிக்கிறது, ஒழுகுகிறது, சாம்பல் ஆற்றில் விழுகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்காக! ஆற்றின் ஆழம் குறைந்தது. இறால் போயிற்று. படகு தரை தட்டிற்று. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே இதற்கு மின்வாரியம்தான் பொறுப்பு என்று கூறி, கழியைச் சீர்செய்ய உத்தரவிட்டது. மக்கள் போராடிச் சொன்னது உண்மை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி புகையைப் பாருங்கள். நிலக்கரி எரிந்தால் கந்தகப் புகை வருகிறது. அதைப் பிரித்தெடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டுமென்று 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதி செய்தது. இரண்டு வருஷம் கெடு வைத்தது. கெடு தள்ளிப் போயிற்று. மறுபடியும் தள்ளிப் போயிற்று. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாமென்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டிய நிலையங்களுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை கெடு. மில் வாசலில் ஒரு தொழிலாளி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். பத்து வருஷத் தாமதத்துக்கு யார் சம்பளத்தில் கை வைத்தார்கள்?

வெள்ளம் பொதுவா?

பூமி சூடேறுகிறது, கடல் கொதிக்கிறது, புயல் வலுக்கிறது, ஒரே நாளில் ஒரு மாத மழை கொட்டுகிறது. இதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். "இயற்கையின் சீற்றம், ஏழை பணக்காரன் என்று பார்க்காது" என்று சில பெரிய மனிதர்கள் உபதேசம் செய்கிறார்கள். பொய்! சுத்தப் பொய்!

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்கு வடிய வேண்டிய வாசல் எண்ணூர்க் கழி. அந்த வாசலில் சாம்பலையும் கட்டடத்தையும் நிரப்பி வைத்தால் தண்ணீர் எங்கே போகும்? உழைப்பாளியின் வீட்டுக்குள் போகும், போயிற்று. அது தண்ணீராக மட்டும் வரவில்லை, எண்ணெயைச் சுமந்து வந்தது. மணலியில் உள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறியது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழி முழுவதும் எண்ணெய். வலை கறுத்தது, படகு கறுத்தது, வீட்டுச் சுவர் கறுத்தது. மீனவர்கள் படகில் போய் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். நாசம் செய்தவன் ஒருவன், அள்ளியது நாசமானவன்!

நிவாரணம் என்ன தெரியுமா? மாநில சர்க்கார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய் என்றும், 787 படகுகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் என்றும், மற்றும் 6,700 குடும்பங்களுக்குத் தலைக்கு 7,500 ரூபாய் என்றும் அறிவித்தது. மொத்தம் 8.68 கோடி. அதே சுத்திகரிப்புக் கம்பெனி 2022-23ஆம் ஆண்டில் ஈட்டிய இலாபம் 3,500 கோடி ரூபாய்க்கும் மேல். அந்த இலாபத்தில் ஒரே நாள் பங்கைவிடக் குறைவு, ஒன்பதாயிரம் குடும்பங்களின் கண்ணீருக்குப் போட்ட விலை!

நகரத்தின் தென்புறத்தையும் பாருங்கள். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஆயிரமாயிரம் குடிசைக் குடும்பங்களைப் பெயர்த்தார்கள். கொண்டுபோய் வைத்தது எங்கே? வேலைத் தலத்துக்கு வெகு தூரத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் பெரும்பாக்கத்தில்! மழை வந்தால் அங்கேயும் வெள்ளம். அதே சதுப்பு நிலத்தைத் தின்று எழும்பிய பெரிய கட்டடங்களின் மீது கடப்பாரை விழுந்ததா? இல்லை. குடிசைக்கு ஒரு சட்டம், மாளிகைக்கு ஒரு சட்டம்.

நடுநிசியில் விஷவாயு

மிக்ஜாம் எண்ணெய் வற்றுவதற்கு முன்பே அடுத்த இடி விழுந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அன்றிரவு எந்தப் பக்கம் ஓட வேண்டுமென்று அவர்களுக்கு முன்கூட்டி எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மறுநாளே 33 கிராமத்து மக்கள் திரண்டார்கள். நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வேலையா, உயிரா?

இங்கேதான், தோழர்களே, நாம் மிகவும் விழிப்போடு இருக்க வேண்டும். மக்கள் எழுந்தவுடன் நிர்வாகங்கள் ஒரு பழைய ஆயுதத்தை எடுக்கின்றன. ஆலைக்குள்ளே இருப்பவரிடம், "பார்த்தாயா, குப்பத்துக்காரர்கள் உன் வேலையைப் பறிக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். குப்பத்து மக்களிடம், "ஆலை இல்லாவிட்டால் உன் மகனுக்கு வேலை ஏது?" என்கிறார்கள். உழைப்பாளியை உழைப்பாளியோடு மோதவிட்டு, தாம் மேடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

நம் பதில் என்ன? ஆலைக்கு வெளியே பரவும் விஷம் முதலில் பரவுவது ஆலைக்கு உள்ளேதான். போபாலை மறந்துவிட முடியுமா? 1981 டிசம்பரிலேயே அங்கே யூனியன் கார்பைடு ஆலையில் ஒரு தொழிலாளி பாஸ்ஜீன் வாயுவுக்குப் பலியானார். 1982இல் தொழிற்சங்கத்தார் ஆபத்து என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1984 டிசம்பர் 2 இரவு, ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே மடிந்தார்கள். அன்று தொழிலாளியின் எச்சரிக்கையை ஊர் கேட்டிருந்தால், ஊரின் குரலோடு தொழிலாளி சேர்ந்திருந்தால் என்று எண்ணும்போது நெஞ்சு வேகிறது.

எண்ணூரிலும் இதே பாடம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள் அவர்களில் அதிகம். "வேலை கொடுக்கிறோம்" என்றார்களே, அந்த வேலையின் இலட்சணம் இதுதான். மீனவரின் வலையை அறுத்த அதே அலட்சியம் தொழிலாளியின் உயிரையும் அறுத்தது. இரண்டும் வேறு வேறு பிரச்னைகள் அல்ல. இலாபக் கணக்கில் பாதுகாப்பு ஒரு வீண் செலவு. அந்த ஒரே வேரிலிருந்து கிளம்பியவை இவ்விரண்டும்.

"மின்வாரியம் பொதுத்துறை ஆயிற்றே; அதைக் கண்டிக்கலாமா?" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கண்டிக்கத்தான் வேண்டும். பொதுத்துறை மக்களின் சொத்து. மக்கள் சொத்து மக்களின் நுரையீரலில் சாம்பலைக் கொட்டலாமா? ஒழுகும் குழாயை மாற்றாத பொதுத்துறை, தனியாருக்குத் தாரை வார்க்கக் காத்திருப்பவர்களுக்குத்தான் சாக்குக் கொடுக்கிறது. பொதுத்துறையைக் காக்க விரும்புகிறவர்கள்தாம் அதைச் சுத்தமாக நடத்தச் சொல்லி முதலில் போராட வேண்டும்.

வயலில் நிற்பவருக்கும் இது வழக்கு

"இது பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன?" என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. எண்ணூர்ப் புகைபோக்கியிலிருந்து கிளம்புகிற கரியமிலவாயு எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னையைச் சாய்த்தபோது, அந்தத் தோப்புகளில் கூலிக்குப் போனவர்களின் அடுப்பும் சேர்ந்து அணைந்தது. வெய்யில் ஏறினால் கங்காணி நிழலில் நிற்கலாம். நடவு நடுகிறவர் நிற்க முடியுமா? 2030இல் வெப்பத்தின் காரணமாக இந்தியாவில் வேலை நேரத்தில் 5.8 சதவீதம் பறிபோகும், அது 3 கோடியே 40 லட்சம் பேரின் முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2019இல் மதிப்பிட்டது. வெய்யிலில் பறிபோகிற அந்த மணி நேரம் யாருடையது? தினக்கூலி வாங்குகிறவருடையது! குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு ஒரு நிமிஷமும் பறிபோகாது. புகையை அதிகம் விடுபவன் பணக்காரன். வேர்த்துச் சாகிறவன் ஏழை. இதற்குப் பெயர்தான் அநீதி.

போராடினால் பலன் உண்டு

மனம் தளர வேண்டாம். காட்டுப்பள்ளியில் 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கி, ஆண்டுக்கு 32 கோடி டன் சரக்கு ஏற்றி இறக்கும்படி பெருக்க அதானி கம்பெனி திட்டம் போட்டது. பழவேற்காடு முதல் எண்ணூர் வரை மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021இல் பொது விசாரணை தள்ளிப் போயிற்று. 2023இல் மறுபடி அறிவித்தார்கள். மறுபடியும் தள்ளிப் போயிற்று. எண்ணூரில் 660 மெகாவாட் புதிய நிலக்கரி நிலையத்துக்காக 2024 டிசம்பரில் பொது விசாரணை நடந்தபோது, மேடை அதிரும்படி ஜனங்கள் "வேண்டாம்" என்றார்கள். நகரத்துக் குப்பையெல்லாம் மலையாய்க் குவிந்த கொடுங்கையூரில் எரி உலை வைக்கப் போகிறோம் என்றபோது, 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாய் நின்றார்கள்.

இந்த வடசென்னைக்கு ஒரு வரலாறு உண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெற்றெடுத்த மண் இது. 1921இல் பின்னி மில் தொழிலாளர்கள் வெள்ளை முதலாளியை எதிர்த்து நின்ற மண் இது. அந்த வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்து, 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிய தோழர் சிங்காரவேலர் மீனவர் குலத்தில் பிறந்தவர். மில்லையும் குப்பத்தையும் அன்றே ஒரு கொடியின் கீழ் சேர்க்க முடிந்ததென்றால் இன்று ஏன் முடியாது?

நாம் கேட்பவை இவை:

1. எண்ணூர், மணலி வட்டாரத்தில் இனி ஒரு புதிய நிலக்கரி நிலையமும் கூடாது.

2. கழியில் கொட்டிய சாம்பலைக் கொட்டியவர் செலவிலேயே அள்ள வேண்டும். அந்த வேலையை உள்ளூர் மக்களுக்கு முழுக் கூலியில் கொடுக்க வேண்டும்.

3. ஓடுகிற நிலையங்களில் குழாயை மாற்றி, கந்தகப் புகையைத் தடுக்கும் கருவியைக் கெடு தவறாமல் பொருத்த வேண்டும்.

4. ஒவ்வோர் ஆலையிலும் என்ன விஷப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தமிழில் வாசலில் எழுதி வைக்க வேண்டும். அபாயச் சங்கும், தப்பும் வழிப் பயிற்சியும் வேண்டும். தொழிற்சங்கமும் ஊர் மக்களும் சேர்ந்த கண்காணிப்புக் கமிட்டி வேண்டும்.

5. ஓர் ஆலையை மூட நேர்ந்தால் நிரந்தரத் தொழிலாளி, காண்டிராக்ட் தொழிலாளி, வெளிமாநிலத் தொழிலாளி எவரும் தெருவில் நிற்கக் கூடாது. மாற்று வேலையும், அதுவரை சம்பளமும் சர்க்கார் பொறுப்பு.

6. ஆற்றங்கரை ஏழையைப் பெயர்ப்பதற்கு முன் பெரிய ஆக்கிரமிப்புகளைப் பெயர்க்க வேண்டும். குடியமர்த்தினால் வேலைத் தலத்துக்கு அருகில் குடியமர்த்த வேண்டும்.

7. வெய்யில் கடுமையான நாட்களில் வயலிலும் கட்டுமானத்திலும் நடுப்பகல் ஓய்வு வேண்டும். கூலி குறையக் கூடாது.

இவற்றில் எது பேராசை? எதுவுமில்லை. சுவாசிக்கக் காற்று, பிழைக்கத் தொழில், வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்பும் உத்தரவாதம். இவ்வளவுதான் கேட்கிறோம்.

மில் வாயிற் கூட்டங்களில் எண்ணூரைப் பற்றிப் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளில் இந்தக் கோரிக்கைகளை வாசித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அடுத்த பொது விசாரணை எங்கே அறிவிக்கப்பட்டாலும், குப்பத்து மக்கள் மட்டும் அங்கே நிற்கும்படி விடாதீர்கள். தொழிற்சங்கக் கொடியோடு பக்கத்தில் போய் நில்லுங்கள். தொழிலாளியும் மீனவரும் விவசாயக் கூலியும் ஓரணியில் நின்றால், நம்மை மோதவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் மேடையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும்!